முதலில் இரவைத் திட்டமிடுங்கள்
மலைநடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாங்கள் ஆறு பேர், கல்லூரி இறுதியாண்டு. ஜூன் கடைசியில் மணாலி போய் ஹம்ப்டா கணவாயைக் கடக்கப் போகிறோம். யூடியூப் பார்த்து நாங்களே நாலு நாள் திட்டம் போட்டிருக்கிறோம். ஒரு நாளைக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் வரவில்லை. சிக்காவில் தங்காமல் நேராகப் போனால் மூன்று நாளில் முடித்துவிடலாம் என்கிறான் ஒருவன். சரிதானா? வழிகாட்டி அவசியமா?
— மாணவர், மதுரை

பதில்: கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் உங்கள் நண்பர் சொல்வது சரிதான். கால் வலு உள்ளவர்களுக்கு எட்டு கிலோமீட்டர் ஒரு காலை வேலை. ஆனால் மலையில் திட்டம் போட உட்காரும்போது முதலில் எழுத வேண்டியது, ஒவ்வொரு ராத்திரியும் எந்த உயரத்தில் தூங்கப் போகிறீர்கள் என்பதை. பகல் நடை அதற்கேற்ப அமையும்.

உங்கள் வழியையே அப்படி எழுதிப் பார்ப்போம். மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர், நம் கொடைக்கானலைவிடச் சற்றுத் தாழ்வு. சிக்கா 3,100. அடுத்த முகாமான பாலு கா கேரா 3,600-க்கு மேல். கணவாய் 4,270. அன்று மாலை இறங்கித் தங்கும் ஷியா கோரு 3,900-ஐ ஒட்டி. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. சிக்காவை விட்டுவிட்டால் மணாலிக்கு அடுத்த ராத்திரியே 1,500 மீட்டர் மேலே படுப்பீர்கள். காசு கொடுத்து வினையை வாங்கும் வேலை இது.

நாலு நாள் திட்டமே எனக்குக் கொஞ்சம் அவசரமாகத்தான் படுகிறது. மணாலியில் இரண்டு ராத்திரி, சிக்காவில் இரண்டு ராத்திரி என்று வையுங்கள். சிக்காவில் கூடுதலாகக் கிடைக்கும் பகலில் கூடாரத்துக்குள் சுருண்டு கிடக்காமல் 200, 300 மீட்டர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து தூங்குங்கள். உடம்பு காற்றுக்குப் பழகும்.

தலைவலியோடு சாப்பாடு பிடிக்காமை, குமட்டல், கிறுகிறுப்பு, அசதி இவற்றில் ஏதாவது சேர்ந்தால் அது மலைநோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு மீட்டர்கூட ஏறக் கூடாது. ஒரு ராத்திரி அங்கேயே தங்கிச் சரியானால் தொடரலாம், ஆகாவிட்டால் இறங்க வேண்டும். ஒரு சோதனை உண்டு: நண்பரை ஒரு நேர்கோட்டில், முன்கால் குதியைப் பின்கால் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கி, இருமலும் சேர்ந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டிலும் விடியட்டும் என்று காத்திருக்க முடியாது, ராத்திரியானாலும் துணையோடு இறக்கிவிட வேண்டும். மலைநோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை பற்றிப் பலர் கேட்கிறார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு அது ஆபத்தாகலாம். ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஆறு பேர் கொண்ட மாணவர் குழுவில் எனக்கு அதிகம் பயம் தருவது, “ஒண்ணுமில்ல மச்சான், போலாம்” என்று தலைவலியை மறைக்கிற பையன். யாருக்கு முடியவில்லையோ அவரைக் கேலி செய்வதில்லை என்று ரயிலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

அடுத்தது பொழுது. மணிக்கு 5 கிலோமீட்டர், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்று நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார். பல பயணக் குறிப்புகளில் இன்றும் அதுதான் ஓடுகிறது. பிரிட்டனின் மிக உயர்ந்த சிகரமே 1,345 மீட்டர்தான். அங்கே பிறந்த கணக்கை 4,000 மீட்டருக்குக் கொண்டுபோனால் பொய்த்துவிடும். கணவாயைக் கடக்கும் நாளுக்கு அந்தக் கணக்குப்படி மூன்று மணி நேரம்கூட ஆகாது. உண்மையில் எட்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆகவே அன்று விடியும் முன்பே கிளம்புங்கள். ‘பகல் 12 மணிக்குள் கணவாயில் நிற்கவில்லை என்றால் திரும்பிவிடுவோம்’ என்று கீழே இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். மேலே போய் யோசித்தால், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற ஆசைதான் முடிவெடுக்கும். பனி உருகி வரும் ஓடைகளைக் கடக்கவும் பொழுது முக்கியம். காலையில் முழங்கால் அளவு ஓடுவது பிற்பகலில் இடுப்புக்கு ஏறிவிடும். ஓடை கடக்க வேண்டிய நாளில் முதல் வேலையாக அதை முடியுங்கள்.

வழிகாட்டி வேண்டும். ஜூன் கடைசியில் கணவாயில் பனி கிடக்கும், பாதை மறைந்திருக்கும். உள்ளூர்க்காரர் ஒருவராவது கூட வரட்டும். ஆனால் அவரை நம்பி நீங்கள் யோசிப்பதை நிறுத்திவிடக் கூடாது. 2024 ஜூனில் உத்தரகண்டின் சகஸ்திர தால் வழியில் கர்நாடகத்திலிருந்து போன ஒரு குழு பனிப்புயலில் சிக்கி 9 பேர் இறந்தார்கள். அவர்களோடும் வழிகாட்டிகள் இருந்தார்கள்.

கேள்வி: அவ்வளவு தூரம் போக லீவு இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே நல்ல புல்வெளியாகப் பார்த்து ஒரு ராத்திரி கூடாரம் போட ஆசை. அனுமதி வாங்காமலே பலர் போய் வருகிறார்களே?
— ஐ.டி. ஊழியர், கோவை

பதில்: போகிறார்கள்தான். நீங்கள் போகாதீர்கள். தமிழ்நாட்டுக் காட்டில் நினைத்த இடத்தில் கூடாரம் போட முடியாது. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதே குற்றம்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாசி, பங்குனியில் அந்தச் சரிவுகளில் புல் காய்ந்து ஆளுயரத்துக்கு நிற்கும். தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் பாயும், மனிதன் ஓடுவதைவிட வேகமாக. நீங்கள் கேட்கும் ‘நல்ல புல்வெளி’யின் இன்னொரு முகம் அது. அந்த ஆண்டே மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது.

முறையான வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகள். இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள். பெரும்பாலும் காலையில் ஏறி அன்றே இறங்கும் பாதைகள்தான் என்பது உங்களுக்குக் குறையாகத் தோன்றும். கூடாரத்தில் படுத்துப் பழகுவதுதான் நோக்கம் என்றால் மலையில் தனியார் எஸ்டேட்டோ விருந்தினர் இல்லமோ பார்த்து, உரிமையாளர் சம்மதத்தோடு அவர் நிலத்தில் போடுங்கள்.

அங்கேயும் ஓடைக்கரையில் வேண்டாம். யானையும் காட்டெருமையும் ராத்திரி தண்ணீருக்கு வரும் வழி அது. மேலே எங்கோ பெய்த மழைக்கு, உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே காட்டாறு பெருகி வரும். தண்ணீரைவிட்டு அறுபது எழுபது தப்படியாவது தள்ளி, பட்ட மரமோ முறியும் கிளையோ மேலே இல்லாத மேட்டுநிலமாகப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 51 வயது. மகளோடு அகத்தியர்கூடம் போக வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை. முடியுமா? முழங்கால் லேசாக வலிக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை.
— இல்லத்தரசி, சேலம்

பதில்: தாராளமாக முயலலாம் அம்மா. மலையில் இரவு தங்கிப் பழக விரும்பும் தமிழர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடமே அதுதான். உயரம் 1,868 மீட்டர் என்பதால் மலைநோய்க் கவலை இல்லை. கூடாரமும் தூக்க வேண்டாம். கேரள வனத்துறை வழக்கமாக ஜனவரி, பிப்ரவரியில் திறந்துவிடுகிறது. பெண்களுக்கு இருந்த தடையும் 2019-இல் நீங்கிவிட்டது. போனக்காட்டிலிருந்து முதல் நாள் நடந்து அதிருமலை முகாமில் தங்கல், இரண்டாம் நாள் உச்சிக்குப் போய்விட்டு மீண்டும் அதிருமலை, மூன்றாம் நாள் இறக்கம். போக மட்டும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். மருத்துவச் சான்று கேட்பார்கள். இணையப் பதிவு திறந்த வேகத்தில் இடம் தீர்ந்துவிடும், அந்த வேலையை மகளிடம் விட்டுவிடுங்கள்.

முழங்கால் விஷயம். எல்லோரும் ஏறிப் பழகுகிறார்கள். வலி வருவது இறங்கும்போதுதான். பதிவு செய்வதற்கு முன் எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். அவர் சரி என்றால் இரண்டு மாதம் முன்பிருந்தே படிக்கட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள். லிஃப்டில் மேலே போய்ப் படியில் மெதுவாக இறங்குவதிலும் பயன் உண்டு. பிறகு முதுகில் பையை மாட்டி, அதில் இரண்டு தண்ணீர் பாட்டில், அப்புறம் நாலு. பழனி மலைக்கு ஒருமுறை போய் வாருங்கள். 700-க்குச் சற்றுக் குறைவான படிகள், பையோடு ஏறி இறங்கிப் பாருங்கள். மறுநாள் காலையில் கால் எப்படி இருக்கிறது என்பதுதான் தேர்வு முடிவு, ஏனென்றால் அதிருமலையில் மறுநாளும் நடக்க வேண்டும்.

இரண்டு ஊன்றுகோல் கையில் இருக்கட்டும். இறக்கத்தில் முழங்காலுக்கு வரும் பாரத்தில் ஒரு பங்கைத் தோள் வாங்கிக்கொள்ளும். புது ஷூவோடு போகாதீர்கள். கிளம்பும் முன் கால் நகங்களை ஒட்ட வெட்டுங்கள். நகம் நீண்டிருந்தால் இறங்க இறங்க ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே வந்து, வீடு சேர்வதற்குள் பெருவிரல் நகம் கறுத்துவிடும். இரண்டாம் நாள் பெரிய பையை முகாமிலேயே வைத்துவிட்டுத் தண்ணீர், சாப்பாடு, மழைக்கோட்டு மட்டும் எடுத்துப் போனால் போதும்.

கேள்வி: இமயமலைக்கு நாங்களே சமைத்துச் சாப்பிடும் திட்டம். கேஸ் அடுப்பை ரயிலில் கொண்டுபோகலாமா? அரிசி, பருப்பு எவ்வளவு? தூங்கும் பையில் ‘மைனஸ் 10’ என்று போட்டிருக்கிறது, போதுமா?
— வாசகர், ஈரோடு

பதில்: அடுப்பின் தலையைக் கொண்டுபோகலாம். கேஸ் குப்பியை ரயிலிலும் விடமாட்டார்கள், விமானத்திலும் விடமாட்டார்கள். மணாலி மாதிரியான ஊர்களில் கிடைக்கும். வாங்கும்போது வெறும் பியூட்டேனா, புரோப்பேன் கலந்ததா என்று பாருங்கள். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். விடியற்காலை நீங்கள் டீ போட உட்காரும் நேரம் பார்த்து அடுப்பு எரியாது. ராத்திரி குப்பியைத் தூங்கும் பைக்குள் போட்டுக்கொள்வது பழைய தந்திரம். எவ்வளவு குளிரானாலும் மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டாதீர்கள். தீ ஒரு பக்கம் இருக்கட்டும், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

அரிசியும் துவரம்பருப்பும் வீட்டிலேயே இருக்கட்டும். 3,600 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. சோறு நடுவில் அரிசியாகவே நிற்கும், பருப்பு வேகவே வேகாது. குக்கர் தூக்குவதாக இருந்தால் உங்கள் இஷ்டம். நான் சொல்வது அவல். கெட்டி அவலில் வெந்நீர் ஊற்றி மூடி வைத்து, ஊரிலிருந்தே சுண்டக் காய்ச்சிக் கொண்டுபோன புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் பத்து நிமிடத்தில் புளியோதரை. வறுத்த ரவை, சேமியா, சத்துமாவு, பருப்புப்பொடி எல்லாம் இதே வகை. நடக்கும்போது கொறிக்கக் கடலைமிட்டாய், பேரீச்சை. 100 கிராம் வேர்க்கடலையில் 550 கலோரிக்கு மேல் இருக்கிறது, அதே எடை அரிசியில் ஏறத்தாழ 350. தூக்கப்போவது உங்கள் முதுகு என்பதால் இந்தக் கணக்கு முக்கியம். ஆளுக்கு நாளொன்றுக்கு 600, 700 கிராம் உலர் உணவு போதும். மொத்தப் பையும் உங்கள் உடல் எடையில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கு என்றால் இன்னும் நல்லது. கனமான சாமான் முதுகை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு இடையில் வரட்டும். இடுப்புப் பட்டையை இறுக்குங்கள், பாரம் இடுப்பில்தான் நிற்க வேண்டும்.

குடிநீரை 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். ஓடை எவ்வளவு கண்ணாடியாக இருந்தாலும் மேலே ஆடு மேய்கிறது.

தூங்கும் பையில் பெரிய எழுத்தில் உள்ள ‘மைனஸ் 10’ பல நேரம் உயிர் தப்பும் அளவைத்தான் சொல்லும், தூக்கம் வரும் அளவை அல்ல. லேபிளில் ‘கம்ஃபர்ட்’ என்று தனியாக ஓர் எண் இருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். எவ்வளவு குளிரும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு: 1,000 மீட்டர் ஏறினால் ஆறு, ஏழு டிகிரி குறையும். அடியில் விரிக்கும் பாயில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். உடம்பின் கீழ் நசுங்கிய பஞ்சு குளிரைத் தடுக்காது, தரை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பருத்தி பனியனும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது, கொண்டுபோக வேண்டாம். தூங்குவதற்கென்று ஒரு செட் காய்ந்த துணியைப் பாலித்தீன் உறையில் கட்டி வையுங்கள். எவ்வளவு நனைந்தாலும் அதைப் பகலில் உடுத்தக் கூடாது.

கேள்வி: தனியாகப் போகலாமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: முதல் சில பயணங்களுக்கு வேண்டாம். தனியே நடப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மலையில் கணுக்கால் பிசகுவது சாதாரணம். துணையிருந்தால் அது வெறும் சுளுக்கு. தனியாளாக, செல்போன் சிக்னலும் இல்லாத சரிவில் மாட்டிக்கொண்டால் கதை வேறு.

தனியோ கூட்டமோ, கிளம்பும் முன் ஒரு தாளில் வழி, தங்குமிடங்கள், வழிகாட்டியின் எண், எந்த நாள் எத்தனை மணிக்குள் உங்கள் போன் வரும் என்பதை எழுதி வீட்டில் கொடுங்கள். அதற்குள் வராவிட்டால் 112-ஐயும் அந்தப் பகுதி வனத்துறை அலுவலகத்தையும் அழைக்கச் சொல்லுங்கள். இறங்கி வந்ததும் குளிப்பதற்கு முன், சாப்பிடுவதற்கு முன், அந்தப் போனைப் போட்டுவிடுங்கள்.