சுவருக்கு முன்னே காகிதம்

கேள்வி: பெரிய சுவரோவியங்களை ஓவியர்கள் நேரடியாகச் சுவரிலேயே வரைந்துவிடுவார்களா? முன்தயாரிப்பு எதுவும் உண்டா?
– வாசகி, திருச்சி

பதில்: நிச்சயம் உண்டு. மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேராவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1932-இல் டெட்ராய்ட் கலைக்கூடச் சுவர்களில் வரைய வந்தவர், முதலில் ஃபோர்டு நிறுவனத்தின் ரூஜ் கார் தொழிற்சாலைக்குப் போய், எந்திரங்களையும் தொழிலாளர்களையும் வாரக்கணக்கில் தாள் தாளாக வரைந்து குவித்தார். பிறகு, சுவரில் வரப்போகும் அதே அளவில், பெரிய காகிதங்களில் கரித்துண்டால் உருவங்களைத் தீட்டினார்.

ஏன் இத்தனை பாடு? ஃப்ரெஸ்கோ முறையில், ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின் மேல் தண்ணீரில் குழைத்த நிறத்தைத் தீட்ட வேண்டும். பூச்சு காய்வதற்குள் அன்றைய பகுதி முடிந்தாக வேண்டும். காய்ந்துவிட்டால் நிறம் சுவரோடு சுவராகிவிடும். திருத்தவேண்டுமானால் பூச்சையே கொத்தி எடுக்க வேண்டியதுதான். ஆகவே, தயக்கமெல்லாம் காகிதத்தோடு முடிந்துவிட வேண்டும்.

1933-இல் 27 பகுதிகளாக ஓவியம் நிறைவடைந்தது. அந்தக் கரிக்கோட்டுத் தாள்களோ கலைக்கூடக் கிடங்கில் மறக்கப்பட்டுக் கிடந்து, 1979-இல்தான் மறுபடி கண்ணில் பட்டன. சுவரில் நாம் காண்பது கலைஞர் எடுத்த முடிவு. தாளில் காண்பது அவர் யோசித்த வழி. இரண்டுமே காப்பாற்றப்பட வேண்டியவை.