நோயுற்ற சிறு கிளியைப் பேணுதல்

வீட்டில் வளர்க்கும் உயிர்களுள், நாய் நோயுற்றால் முனகும். பசு நோயுற்றால் தீனியைத் தொடாது நிற்கும். இவற்றின் துன்பத்தை நாம் எளிதில் அறிகின்றோம். கூண்டுப் பறவையோ தன் நோயை வெளிக்காட்டாது; இயன்றவரை அதனை மறைத்தே வைக்கும். "நேற்றுவரை நன்றாயிருந்தது, இன்று காலை இறந்து கிடந்தது" என்று பறவை வளர்ப்போர் வருந்திக் கூறுவதை நாம் பலகால் கேட்டிருக்கின்றோம். நேற்று அது நன்றாயிருப்பதுபோலத் தோன்றிற்று என்பதே பெரும்பாலும் உண்மை. இவ்வுண்மையை மனத்திற்கொண்டு, நோயுற்ற சிறு கிளியை அறியும் வகையையும் பேணும் வகையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

பறவையின் இயல்பு

நம் ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்னும் பெயரால் விற்கப்படுவன பெரும்பாலும் பட்ஜெரிகார் என்னும் சிறு கிளிகளேயாம். அப்பெயர்க்கு உரிய பறவை ஆப்பிரிக்காவைச் சார்ந்த வேறோர் இனம். பட்ஜெரிகாரின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. பறவை நூல் வல்லாராகிய ஜான் கூல்டு என்பார் 1840-ஆம் ஆண்டில் இதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொணர்ந்தார். அன்று முதல் இது உலகெங்கும் பரவலாயிற்று.

தன் நாட்டில் இது பெருங்கூட்டமாகத் திரிவது. வல்லூறு முதலிய பகைப்பறவைகள் கூட்டத்தில் தளர்ந்து நிற்பதையே முதலிற் பற்றும். ஆதலின் தளர்ச்சியைக் காட்டாமை இப்பறவைக்கு உயிர்காக்கும் வழக்கமாயிற்று. கூண்டில் பல தலைமுறை வாழ்ந்தும் அவ்வழக்கம் அதனை விட்டு நீங்கவில்லை. வேறொன்றையும் கருதுக. இதன் எடை 30 முதல் 40 கிராம் அளவே. உடல் வெப்பமோ சென்டிகிரேடு 41 பாகை அளவினது. சிற்றுடலில் பெருவெப்பத்தைக் காக்க வேண்டுதலின், இது அடிக்கடி உண்ணவேண்டும். மனிதன் இரண்டு நாள் உண்ணாதிருந்தும் பிழைப்பான். நோயுற்ற இச்சிறு கிளிக்கு ஒரு நாள் உண்ணாமையும் உயிர்க்கு இடராகும்.

நோயின் குறிகள்

இறகுகளைச் சிலிர்த்து உருண்டையாய் உட்கார்ந்திருத்தல் முதற்குறி. உடல் வெப்பம் குறையாதிருக்கவே அது அவ்வாறு செய்கின்றது. நலமுள்ள பறவை பெரும்பாலும் ஒரு காலை மடக்கி உறங்கும். நோயுற்றது இரு காலையும் ஊன்றிப் பகலிலும் கண்மூடியிருக்கும். மூச்சுவிடும்தோறும் வால் மேலுங்கீழும் அசைதல், குரலடங்குதல், கூண்டின் தரையில் வந்து அமர்தல் என்பன நோய் முற்றியமையைக் காட்டும். எச்சத்தையும் நாள்தோறும் நோக்கவேண்டும். கரும்பச்சைச் சுருளும், அதன்மேல் வெண்மையும், சிறிது நீரும் சேர்ந்திருப்பது நலத்தின் அடையாளம். இவற்றின் நிறமோ அளவோ மாறி நீடிப்பின் ஐயுறுக.

தீனிக் கிண்ணத்தால் ஏமாறுவோர் பலர். இக்கிளி தினையை உரித்து உமியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடும். கிண்ணம் நிறைந்திருப்பதுபோலத் தோன்றும். ஊதிப் பார்த்தால் வெறும் உமியே பறக்கும். நோயுற்ற பறவை சிலபோது மணியை அலகால் உருட்டிவிட்டு விழுங்காது போடுவதும் உண்டு. ஆதலின் நம்பத்தக்க சான்று எடையே. கிராம் காட்டும் சிறு தராசில் வாரந்தோறும் நிறுத்து எழுதி வருக. 40 கிராம் இருந்தது 36 ஆயின், 60 கிலோ எடையுள்ள ஒருவர் 6 கிலோ மெலிந்ததற்கு அஃது ஒப்பாகும்.

பேணும் முறை

முதலாவது, நோயுற்றதை மற்றவற்றினின்று பிரித்து அமைதியான இடத்தில் வைக்கவேண்டும். இரண்டாவது, வெப்பம். சுமார் 30 பாகை வெப்பம் கிடைப்பின், உடலைச் சூடாக்கச் செலவிடும் வலிமையைப் பறவை நோயை எதிர்க்கச் செலவிடும். கூண்டின் மூன்று பக்கமும் துணியால் மூடி, வெந்நீர்ப் புட்டியைத் துணியிற் சுற்றி ஒரு பக்கத்தில் மட்டும் வைக்கலாம். மறுபக்கம் குளிர்ந்திருப்பின், சூடு மிகும்போது பறவை விலகிச்செல்ல இடமுண்டு. அது வாயைத் திறந்து, சிறகை உடலினின்று விலக்கி மூச்சு வாங்கினால் சூடு மிகுந்ததென்று அறிக. நம் நாட்டுக் கோடையில் இவ்வெப்பம் தானே அமைந்திருக்கும்.

மூன்றாவது, உணவு. பழகிய தினையையும் நீரையும் எட்டும் தொலைவில், தரையருகே வைக்கவேண்டும். உட்காரும் கோலையும் தாழ்த்தவேண்டும். அன்பு மிகுதியால் வாயில் நீரோ பாலோ ஊற்றுதல் தகாது. மூச்சுக்குழலின் வாய் நாவின் பின்னே திறந்திருத்தலின், ஊற்றியது நுரையீரலுட் செல்லும். கையில் இறுகப் பிடித்தலும் தகாது. பறவைக்கு நம்மைப்போல உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு அசைந்தாலன்றி அதற்கு மூச்சில்லை.

மருந்துக்கடையில் வாங்கிய மாத்திரையை நீரிற் கரைத்து வைப்பதும் பயனற்றது. வறண்ட நாட்டுப் பறவையாகிய இது இயல்பாகவே சிறிதே நீர் பருகும். நோயுற்றபோது இன்னும் குறைவாகப் பருகும். கசந்தால் தொடவும் மாட்டாது. எத்தனை மருந்து உட்சென்றதென்று யார் அறிவார்? இங்குக் கூறிய பேணுதல் யாவும் கால்நடை மருத்துவரிடம் சேர்க்கும்வரை உயிரைத் தாங்குவதற்கேயன்றி, மருத்துவத்திற்கு ஈடாகா. மூச்சுத்திணறல், குருதிப்பெருக்கு, முட்டையிட இயலாது வருந்துதல் ஆகியவற்றில் ஒரு பொழுதும் தாழ்த்தலாகாது. 35 கிராம் பறவையின் உடலிலுள்ள குருதி மொத்தம் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவே.

வளர்ப்போர் தம்மையும் காத்துக்கொள்ளவேண்டும். கிளிக் காய்ச்சல் எனத்தகும் சிட்டகோசிஸ் நோய் எச்சத்தின் தூசு வழியே மனிதரையும் பற்றும். 1929-30-இல் இது பல நாடுகளிற் பரவி உயிர்களைக் கொண்டது. ஆதலின் எச்சத்தை நீர் தெளித்து நனைத்தே துடைக்கவேண்டும். பறவை வளர்ப்போர்க்குக் காய்ச்சலும் இருமலும் வரின், வீட்டில் பறவை உண்டென்பதை மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

வருமுன் காத்தல்

தினை ஒன்றையே இட்டு வளர்த்தால் வைட்டமின் ஏ, சுண்ணாம்புச்சத்து, அயோடின் ஆகியன குறையும். அயோடின் குறைவால் கழுத்துச் சுரப்பி வீங்கி மூச்சை நெருக்கும். கீரையும், துருவிய காரட்டும், நாட்டு மருந்துக் கடைகளிற் கிடைக்கும் கடல்நுரை என்னும் கணவாய் ஓடும் கொடுக்கலாம். அவகாடோ பழம் நஞ்சு. ஒட்டாத பூச்சுள்ள வாணலி அடுப்பில் மிகக் காய்ந்தால் எழும் ஆவி சில நிமிடங்களிற் பறவையைக் கொல்லும். ஆதலின் கூண்டைச் சமையலறையில் வைத்தலாகாது.

கானகத்தில் நோயை மறைத்தல் பறவைக்கு அரணாயிருந்தது. கூண்டிலோ அதுவே அதற்குக் கேடாகின்றது. ஏனெனில், இங்கு அதனை நோக்குவது பகையன்று, உதவத்தக்க நாமே. அதனைக் கூண்டில் வைத்தவர் நாமாதலின், அது சொல்லாததை நோக்கி அறியும் கடனும் நம்முடையதே. நாள்தோறும் காலையில் ஐந்து நிமிடம், இறகையும் எச்சத்தையும் உமியையும் நோக்குவோமாயின், இறந்தபின் வருந்துவதற்கு மாறாக, நோய் தொடங்கும்போதே உதவ இயலும்.