பூட் பென்டிரைவ்: டெஸ்க்டாப் சப்போர்ட் வேலைக்கு வருபவர்களுக்கு

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 சிப்போ, அதன் பட்டியலில் உள்ள பிராசசரோ இல்லாத கம்ப்யூட்டர்கள் ஆடிட்டர் ஆபீஸ்களிலும் பள்ளி லேப்களிலும் மருந்துக்கடை கல்லாக்களிலும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. தூக்கிப்போட முதலாளிக்கு மனசு வராது. அப்டேட் இல்லாமல் நெட்டில் விடவும் கூடாது. லினக்ஸ் போடத் தெரிந்த ஆளுக்கு இங்கேதான் வேலை இருக்கிறது.

அதற்கான முதல் பாடம், பூட் ஆகும் பென்டிரைவ் தயாரிப்பது. பத்து, பதினைந்து நிமிட வேலை; யூடியூப் பார்த்துப் பள்ளிப் பையன்கூடச் செய்துவிடுவான். உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காசு கொடுப்பது, பென்டிரைவைச் செருகுவதற்கு முன் என்ன கேட்டீர்கள், செருகிய பின் என்ன பார்த்தீர்கள் என்பதற்காக.

முதலில் கேளுங்கள்

"தம்பி, இதுல டேலி ஓடுமா?" ஆபீஸில் உங்களிடம் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். டேலி விண்டோஸுக்கு எழுதப்பட்ட மென்பொருள். வைன் என்ற கருவி வழியாக அதை லினக்ஸில் ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் மாதக் கடைசியில் ஜிஎஸ்டி கணக்கு முடிக்கும் மேஜையில் அந்தச் சோதனை வேண்டாம். அந்தக் கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு, டைப்பிங்குக்கும் மெயிலுக்கும் இருக்கிறவற்றில் கைவையுங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகுகிற கம்ப்யூட்டர் எது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் கிடைக்கிறதா என்று பார்க்காமல் அதைத் தொடாதீர்கள்.

அடுத்தது பிரிண்டர். எச்பி பிரிண்டர்களில் பெரும்பாலானவை லினக்ஸில் செருகிய உடனே வேலை செய்யும். நம் ஊர் ஆபீஸ்களில் பாதி மேஜைகளில் உட்கார்ந்திருக்கும் கேனன் எல்பிபி 2900 அப்படியல்ல; டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் நீங்கள் விவரமானவர். போட்டு முடித்த பிறகு சொன்னால் நீங்கள்தான் பிரிண்டரைக் கெடுத்தவர்.

மூன்றாவதாக ஃபான்ட். பழைய தமிழ்க் கடிதங்கள், நோட்டீஸ்கள் எல்லாம் யூனிகோடு வருவதற்கு முந்தைய ஃபான்ட்களில் இருக்கும். அந்த ஃபான்ட் ஃபைல்களை பேக்கப்பில் சேர்த்தால்தான் லிப்ரே ஆபீஸில் எழுத்து எழுத்தாகத் தெரியும். இல்லையென்றால் அடைப்புக்குறியும் ஆங்கில எழுத்துமாகக் குப்பை கொட்டும். டைப்பிஸ்ட் அம்மாவிடம் எந்த கீபோர்டு முறையில் அடிக்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்99 ஐபஸ் வழியாகக் கிடைக்கும். பழைய டைப்ரைட்டர் முறையில் அடிப்பவராக இருந்தால் அந்த அமைப்பும் இருக்கிறதா என்று அவரையே உட்காரவைத்து அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எதை இறக்குவது, எப்படிச் சோதிப்பது

விண்டோஸ் பழகியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் நல்லது. 4 ஜிபி ராம் உள்ள பழைய கம்ப்யூட்டர் என்றால் அதிலேயே எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்டின் ஐஎஸ்ஓ ஃபைல் 3 ஜிபியை ஒட்டி வரும், உபுண்டு 24.04 அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனவே டிராயரில் கிடக்கும் 4 ஜிபி பென்டிரைவை மறந்துவிட்டு 8 அல்லது 16 ஜிபியில் பெயர் தெரிந்த கம்பெனி பென்டிரைவாக வாங்குங்கள். 32 பிட் பிராசசர் மட்டுமே உள்ள கிழட்டுக் கம்ப்யூட்டர் வந்தால், டெபியன் 13 அதற்கான இன்ஸ்டாலரைக் கைவிட்டுவிட்டது என்பது நினைவிருக்கட்டும்.

இறக்கிய ஃபைலை அப்படியே எழுதிவிடக் கூடாது. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்டின் அதிகாரபூர்வ தளத்துக்குள்ளேயே புகுந்து, 17.3 சின்னமன் பதிப்பின் டவுன்லோடு லிங்க்கைப் பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். சரியான தளத்துக்குப் போனவர்களுக்கே அது நடந்தது. அதனால் ஷா 256 கணக்கைப் பாருங்கள். ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதித் தரும் ரூஃபஸ் மென்பொருளை விண்டோஸில் திறந்து ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்ததும் பக்கத்தில் ஒரு டிக் குறி பட்டன் தெரியும். அழுத்தினால் 64 எழுத்தில் ஒரு வரிசை வரும். தளத்தில் கொடுத்திருக்கும் வரிசையை நோட்பேடில் அதன் கீழே ஒட்டி ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் ஃபைலை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். ஃபைலை மாற்றியவன் தளத்தில் இருக்கும் வரிசையையும் மாற்றியிருக்கலாமே என்று கேட்டால் நியாயம்தான். கையெழுத்திட்ட ஃபைலை ஜிபிஜி கொண்டு சரிபார்க்கும் வழக்கம் அதற்காகத்தான் இருக்கிறது. அதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

எழுதுவது

விண்டோஸில் ரூஃபஸ் போதும். பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு பெட்டிதான் மொத்த வேலையிலும் ஆபத்தான இடம். ரூஃபஸ் சாதாரணமாக வெளி ஹார்டுடிஸ்க்குகளைப் பட்டியலில் காட்டாது. அவற்றையும் காட்டச் சொல்லும் தேர்வை நீங்களே டிக் செய்தால்தான் காட்டும். அதைத் தொடாதீர்கள். எழுதப்போகும் பென்டிரைவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் முதலில் பிடுங்கிவிடுங்கள், முக்கியமாக முதலாளியின் குடும்ப ஃபோட்டோ பேக்கப் இருக்கும் டிஸ்க்கை.

லினக்ஸிலிருந்தே எழுதுபவர்கள் டிடி கட்டளையைப் பயன்படுத்துவார்கள். அதற்கு எது டிஸ்க், எது பென்டிரைவ் என்ற கவலையே கிடையாது. எஸ்டிபி என்று அடிக்க வேண்டிய இடத்தில் எஸ்டிஏ என்று அடித்தால் கேள்வி கேட்காமல் அழித்துவிடும். முதலில் எல்எஸ்பிஎல்கே போட்டு ஜிபி அளவைப் பார்த்து எது எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எழுதவேண்டியது முழு பென்டிரைவில். கடைசியில் 1 என்று வரும் பார்டிஷனில் அல்ல. கட்டளை முடிந்ததும் உடனே பிடுங்காமல் முறையாக எஜெக்ட் செய்யுங்கள், மெமரியில் தங்கியது இறங்க நேரம் ஆகும்.

ரூஃபஸ் பாதியில் நிறுத்தி, ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்கும். முதலில் ஐஎஸ்ஓ. பூட் ஆகவில்லை என்றால் டிடியில் மறுபடி எழுதுங்கள். டிடியில் எழுதிய பென்டிரைவை விண்டோஸில் செருகினால் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கலாம். அது பழுது இல்லை. வேண்டாம் என்று மூடிவிடுங்கள்.

வென்டாய் என்ற கருவி வேறு வகை. அதை ஒருமுறை பென்டிரைவில் போட்டுவிட்டால், பிறகு ஐஎஸ்ஓ ஃபைல்களைச் சும்மா காப்பி செய்தாலே போதும். பூட் ஆகும்போது எது வேண்டும் என்று பட்டியல் காட்டும். பையில் ஒரே பென்டிரைவ் வைத்துக்கொள்வதென்றால் நான் இதைத்தான் வைப்பேன்: மின்ட், டெபியன், ஜிபார்டட், குளோன்ஜில்லா, மெம்டெஸ்ட். செக்யூர் பூட் இருக்கும் கம்ப்யூட்டரில் முதல் முறை ஒரு சாவியைப் பதிவு செய்யச் சொல்லும். நீலத் திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பூட் ஆகவில்லை என்றால்

டெல், லெனோவாவில் எஃப் 12. எச்பியில் எஸ்கேப், பிறகு எஃப் 9. ஏசரில் எஃப் 12 வேலை செய்ய பயாஸில் முதலில் அனுமதி கொடுக்க வேண்டியிருக்கும். பட்டனை அழுத்தியும் நேராக விண்டோஸ் வந்து நின்றால், ஷிஃப்ட்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். அங்கிருந்தே பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம்.

செக்யூர் பூட்டை அணைத்துவிடு என்று எல்லோரும் சொல்வார்கள். மின்ட், உபுண்டு, டெபியன், ஃபெடோரா நான்குக்கும் அது பொதுவாகத் தேவையில்லை. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு சில கம்ப்யூட்டர்கள் பழைய லினக்ஸ் ஐஎஸ்ஓக்களை ஏற்க மறுத்தன. அப்படி வந்தால் புதிய ஐஎஸ்ஓவை இறக்கிப் பாருங்கள். பயாஸில் எதையாவது மாற்றுவதற்கு முன் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் செக்யூர் பூட்டைத் தொட்டால், அடுத்த முறை விண்டோஸ் திறக்கும்போது அந்தச் சாவியைத்தான் கேட்கும்.

இன்ஸ்டாலர் திறந்தும் ஹார்டுடிஸ்க்கே தெரியவில்லையா? பயாஸில் ஸ்டோரேஜ் ரெய்டு அல்லது ஆர்எஸ்டி முறையில் இருக்கும். ஏஎச்சிஐக்கு மாற்ற வேண்டும். விண்டோஸையும் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால், அதை முதலில் சேஃப் மோடில் ஏறும்படி அமைத்துவிட்டு மாற்றுங்கள்.

பென்டிரைவிலிருந்து ஏறியதும் இன்ஸ்டால் ஐகானைத் தொடாமல் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். வைஃபை பிடிக்கிறதா, பிரிண்ட் வருகிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, மூடித் திறந்தால் லேப்டாப் எழுகிறதா? உட்கார்ந்து வேலை செய்யப்போகிறவரையே ஓட்டச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் பிடுங்கி ரீஸ்டார்ட் செய்தால் போதும், டிஸ்க்கில் இருந்தது இருந்தபடி இருக்கும். பேக்கப் எடுத்துவிட்டேன் என்று முதலாளி சொன்னால், அந்த டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் செருகி நாலு ஃபைலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு மூன்று மாதம் இப்படிப் போனால் ஒரு நாள் 20 கம்ப்யூட்டர் உள்ள லேபை உங்களிடம் ஒப்படைப்பார்கள். அங்கே 20 முறை இன்ஸ்டால் செய்து உட்கார்ந்திருக்காதீர்கள். ஒன்றை முழுதாகத் தயார் செய்து, குளோன்ஜில்லாவில் படியெடுத்து மற்றவற்றில் இறக்குங்கள். இறக்கிய ஒவ்வொன்றிலும் கம்ப்யூட்டர் பெயரையும் மெஷின் ஐடியையும் மாற்றிவிட்டுப் பெயரை மேலே ஒட்டுங்கள். இல்லையென்றால் லேபின் ஒரே பிரிண்டருக்கு வரிசையாக வரும் பிரிண்ட்கள் எல்லாம் ஒரே கம்ப்யூட்டர் அனுப்பியதாகவே பட்டியலில் நிற்கும்.