“வேணும்னா ரிசப்ஷன்ல உட்காரு”

கேள்வி: ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் முடித்திருக்கிறேன். ‘மெக்கானிக் தேவை’ என்ற போர்டைப் பார்த்து ஒரு வாகன சர்வீஸ் நிறுவனத்துக்குப் போனேன். “லேடீஸை ஷெட்டுக்குள்ள விடறதில்லம்மா. ராத்திரி வண்டி வரும், பசங்க மட்டும்தான் இருப்பாங்க. வேணும்னா ரிசப்ஷன்ல உட்காரு” என்றார் மேலாளர். அதற்குச் சம்பளமும் குறைவு. என்னோடு படித்த பையனை அதே வாரம் சேர்த்துக்கொண்டார்கள். சட்டப்படி ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: செய்யலாம். ஆனால் “அரசியல் சட்டம் சமத்துவம் தந்திருக்கிறதே” என்று நேராக ரிட் மனுவோடு உயர் நீதிமன்றத்துக்குப் போனால் வேலைக்கு ஆகாது. 14, 16ஆம் பிரிவுகள் அரசை நோக்கிப் பேசுபவை. உங்கள் எதிரில் இருப்பவர் தனியார் முதலாளி. அவரைக் கட்டுப்படுத்துவது ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019. ஆளெடுக்கும்போது ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அதன் 3ஆம் பிரிவு. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தில் இருந்த அதே விதிதான். 2025 நவம்பர் முதல் புதிய தொகுப்பில் நடைமுறையில் இருக்கிறது. குறிப்பிட்ட வேலையில் பெண்களை அமர்த்தக் கூடாது என்று வேறொரு சட்டமே தடுத்திருந்தால் மட்டும் விலக்கு. மேலாளரின் தயக்கம் சட்டமல்ல.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் சாரு குரானா வழக்குதான் நினைவுக்கு வந்தது. மும்பை சினிமா ஒப்பனைக் கலைஞர்கள் சங்கம், மேக்கப் போடுவதற்கான அட்டையை ஆண்களுக்கே கொடுத்துவந்தது. பெண்கள் தலையலங்காரம் செய்யலாம், அவ்வளவுதான். உங்களுக்கு ரிசப்ஷன் மாதிரி. அந்த விதி செல்லாது என்று 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

“ராத்திரி, பசங்க” என்பதற்கும் பதில் உண்டு. மது பரிமாறும் இடங்களில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற பழைய பஞ்சாப் கலால் சட்ட விதி டெல்லியிலும் அமலில் இருந்தது. அது செல்லாது என்பதை அனுஜ் கார்க் வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பாதுகாப்பு வேண்டுமென்றால் இடத்தைப் பாதுகாப்பாக்கு, பெண்ணை வெளியே நிறுத்தாதே என்பதே அதன் சாரம். நம் சென்னை உயர் நீதிமன்றமோ, ஆலைகளில் பெண்களின் இரவு வேலைக்கு இருந்த தடையை 2000ஆம் ஆண்டிலேயே வசந்தா வழக்கில் ரத்து செய்துவிட்டது. இன்று இரவு ஷிப்டுக்கு உங்கள் சம்மதம் தேவை. வண்டி வசதி, ஓய்வறை, பாதுகாப்பு எல்லாம் முதலாளியின் பொறுப்பு.

மேலாளரை மட்டும் குறை சொல்வானேன்? சட்டம் படித்த ரெஜினா குஹா வக்கீலாகப் பதிய விண்ணப்பித்தபோது, ‘நபர்’ என்ற சொல்லில் பெண் அடங்கமாட்டாள் என்று 1916இல் கல்கத்தா உயர் நீதிமன்றமே திருப்பி அனுப்பியது. 1923இல் தனிச் சட்டம் போட்டுத்தான் எங்கள் தொழிலின் கதவைத் திறக்க வேண்டியிருந்தது.

இனி உங்கள் வேலை. வாய்ப்பேச்சு சாட்சிக்கு நிற்காது. சான்றிதழ் நகல்களோடு விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, எழுத்தில் பதில் கேளுங்கள். அந்தப் போர்டைப் படமெடுத்து வையுங்கள். உங்களோடு படித்த பையன் சாட்சி சொல்வாரா என்றும் விசாரியுங்கள். பிறகு மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம்: மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்த நிறுவனத்துக்கு அபராதம் விதிக்க வைக்கலாம். “இவரை வேலைக்கு எடு” என்று உத்தரவு வாங்குவது கடினம். ஆனால் நோட்டீஸ் போனதும் மனம் மாறுகிற முதலாளிகளும் உண்டு.

ரிசப்ஷன் சம்பளம் குறைவு என்பதை மனுவில் புகாராக்காதீர்கள். ஒரே மாதிரியான வேலைக்குத்தான் சட்டம் சம ஊதியம் கேட்கிறது. ரிசப்ஷனும் ஷெட்டும் வேறுவேறு வேலை என்று எளிதில் தட்டிவிடுவார்கள். விண்ணப்பத்திலும் மனுவிலும் ‘மெக்கானிக் பணி’ என்றே எழுதுங்கள். ‘தகுதிக்கேற்ற ஏதாவது ஒரு வேலை’ என்று பணிவுக்காகக்கூட எழுதிவிடாதீர்கள்.