தோலில் தடவுவதும் மருந்தே

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை நான். 51 வயதாகிறது. மாதவிடாய் முற்றிலும் நின்ற பிறகு, கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே திடீரென முகமும் கழுத்தும் கொதிக்கும். முதுகு வியர்வையில் நனையும். இரவில் தூக்கம் இல்லை. மகளிர் நல மருத்துவர் பரிசோதனைகள் செய்துவிட்டு, கையில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லைப் பரிந்துரைத்தார்.

“தடவுற மருந்துதானே டாக்டர், பக்க விளைவு ஒன்றும் இருக்காதே?” என்றேன்.

“டீச்சர், நீங்க எந்த வகுப்பு எடுக்கிறீங்க?” என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்கான காரணத்தை உங்களோடு பகிரவே இதை எழுதுகிறேன்.

இந்த ஜெல் தடவிய இடத்தோடு நிற்பதில்லை. தோல் வழியே இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் செல்கிறது. மாத்திரையைப் போல முதலில் கல்லீரலுக்குச் செல்லாததால், இரத்தக்கட்டு உருவாகும் ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. ஆனால் மார்பக வலி, தலைவலி, குமட்டல், வயிற்று உப்புசம், தடவிய இடத்தில் அரிப்பு ஆகியவை வரலாம். எனக்கு முதல் சில வாரங்கள் மார்பகத்தில் வலி இருந்தது. பிறகு தானே குறைந்தது.

கருப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தொடர்ந்து பயன்படுத்தினால் கருப்பையின் உட்படலம் தடிக்கும். புற்றுநோய் ஆபத்தும் கூடும். அதைத் தடுக்கவே புரோஜெஸ்டிரோன் மாத்திரையும் தருகிறார்கள். தூக்கக் கலக்கமாக இருக்கிறதென்று நான் அந்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டேன். மருத்துவர் கடிந்துகொண்டார், இரவில் படுக்கும்முன் போட்டுக்கொள்ளச் சொன்னார். கலக்கம் தொந்தரவாக இல்லை.

இனி, வகுப்பைப் பற்றிய கேள்விக்கு வருவோம். ஈஸ்ட்ரோஜன் தடவிய தோலைக் குழந்தைகள் தொட்டால் மருந்து அவர்கள் உடலிலும் சேரலாம். கையில் தெளிக்கும் ஈஸ்ட்ரோஜன் மருந்து பட்டதால் சிறுமிகளுக்கு முன்கூட்டியே மார்பக வளர்ச்சியும், சிறுவர்களுக்கு மார்பக வீக்கமும் ஏற்பட்டதாக வந்த தகவல்களை அடுத்து, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010-இல் எச்சரிக்கை வெளியிட்டது. நம் கையைப் பிடித்துத் தொங்கும் பிள்ளைகளை நினைத்தபோது எனக்குத் திக்கென்றது.

பயந்து மருந்தை விடவேண்டியதில்லை. பழக்கத்தை மாற்றினால் போதும். சமையல் முடிந்து, பேத்தி உறங்கிய பிறகுதான் தடவுகிறேன். ஜெல்லில் ஆல்கஹால் இருப்பதால், அது காயும்வரை அடுப்பருகே போவதில்லை. உடனே சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவுகிறேன். காய்ந்ததும் அந்த இடத்தை ஆடையால் மூடிக்கொள்கிறேன். காலையில் குளித்துவிட்டே பள்ளிக்குக் கிளம்புகிறேன்.

சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். மற்றவருக்கு எழுதிய ஜெல்லை வாங்கித் தடவாதீர்கள். மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டு, கல்லீரல் நோய் இருந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். உதிரப்போக்கு ஏற்பட்டால் உடனே தெரிவியுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் வந்தாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் அனைவருக்கும் ஒன்று: சிறு குழந்தைக்கு மார்பக வீக்கம் இருப்பதாகப் பெற்றோர் சொன்னால், கேலிக்கு இடம் தராமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். வீட்டுப் பெரியவர்கள் தடவும் மருந்துகளையும் அங்கே சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு தகவலே காரணத்தைக் காட்டிவிடலாம்.