மே மாதம், மணப்பாடு, நாத்தனார் குடும்பம்

கோடை விடுமுறைக்கு மணப்பாடு, தேரிப் பக்கம் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். காலை ஆறிலிருந்து ஒன்பது வரை வெளியே இருங்கள், அப்புறம் சாயங்காலம் நாலரைக்கு மேல் கிளம்புங்கள். நடுவில் உள்ள நேரம் திண்ணைக்கும் நுங்குக்கும் பகல் தூக்கத்துக்கும். இதைச் சொன்னதற்காகப் போன வருஷம் எனக்குப் 'பயந்தாங்கொள்ளி' என்ற பட்டம் கிடைத்தது. கொடுத்தவர் சென்னையிலிருந்து புதுக் காரை ஓட்டிக்கொண்டு வந்த என் நாத்தனார் வீட்டுக்காரர். நடந்ததை முழுசாகச் சொல்கிறேன், யார் பயந்தவர், யார் விவரமில்லாதவர் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலில் தங்கும் இடம். எனக்கு அம்மா வீடு உடன்குடிப் பக்கம். உங்களுக்கும் அந்த வட்டாரத்தில் ஒரு சித்தி வீடோ மாமா வீடோ இல்லாமலா போகும்? அங்கேயே தங்குங்கள். வைகாசி விசாகத்தை ஒட்டித் திருச்செந்தூரில் அறை தேடுவது வீண் வேலை. வீடென்றால் விடியற்காலம் நாலு மணிக்குக் கருப்பட்டிக் காப்பி கிடைக்கும், அஞ்சரைக்குக் கிளம்பிவிடலாம்.

காலையில் மணப்பாடு. ஆறு மணி வாக்கில் கடலுக்கு மேல் சூரியன் ஏறும்போது கரையில் இருக்க வேண்டும். குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம். அதன் கீழே கடலைப் பார்த்தபடி ஒரு குகை. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் அங்கே தங்கி ஜெபித்தார் என்பார்கள். உள்ளே இருக்கும் கிணறு கடலுக்கு அத்தனை பக்கத்தில் இருந்தும் உப்புக் கரிக்காது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், பாறையில் ஏறுகிறேன் என்று அடம்பிடிக்காமல் கொஞ்ச நேரம் அங்கே நிற்பார்கள். சின்னதுகளுக்குக் குளிக்க ஊரை ஒட்டிய கழிமுகம் போதும், கருமேனியாறு வந்து கடலைத் தொடும் இடம். ஆழமில்லாத தண்ணீராகப் பார்த்து உட்கார வைத்துவிடலாம். முகத்துவாரத்துக்கு மட்டும் விடக் கூடாது. உள்ளே நிற்கும் தண்ணீர் கடலுக்கு இறங்குகிற நேரத்தில் அந்த வாயில் பெரியவர் காலையே இழுக்கும். எட்டரைக்கு எல்லோரையும் கரையேற்றி, ஒன்பதுக்கு வீடு. இதுவரை எல்லாம் என் திட்டப்படியே நடந்தது. அதனால் சொல்ல வேறொன்றும் இல்லை.

தேரிக்குச் சாயங்காலம் போவதாகத்தான் பேச்சு. தேரியைப் பார்க்காதவர்களுக்கு: திருச்செந்தூருக்கும் உடன்குடிக்கும் மேற்கே, காயாமொழி, தேரிக்குடியிருப்பு பக்கமெல்லாம் மைல் கணக்கில் செக்கச்செவேலென்ற மணல் மேடுகள். மணலின் ஒவ்வொரு பருக்கைமேலும் இரும்புத் துரு பூசியதுபோல ஒரு படலம் உண்டு, சிவப்பு அதனால்தான். பனை, உடை, கொல்லாமரம் தவிரப் பெரிய நிழல் கிடையாது. ஐந்து மணிக்கு மேல் போனால் கடற்காற்று வீசும், மணல் ஆறிக்கொண்டே வரும், பிள்ளைகள் மேட்டிலிருந்து சறுக்கி விளையாடலாம். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனால் சுனையும் மரநிழலும் உண்டு. குலதெய்வம் அதுதான் என்பதால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வழி அத்துப்படி.

ஆனால் அண்ணனுக்கு (நாத்தனார் வீட்டுக்காரரை அப்படித்தான் கூப்பிடுவேன்) சிவப்பு மணலில் சிவப்புக் காரை நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். சாயங்காலம் வெளிச்சம் போதாதாம். "மேகமூட்டமாத்தானே இருக்கு, போயிட்டு ஒரு மணி நேரத்துல வந்துரலாம்" என்றார். "அக்னி நட்சத்திரம் நடக்கு அண்ணே, நாலு மணிக்கு மேல போவோம்" என்றேன். என் அம்மாவும் சொன்னாள். அப்போதுதான் அந்தப் பட்டம். என் வீட்டுக்காரர் பேப்பரை உயர்த்திப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

நாத்தனார் தலை காய வைத்து, பிள்ளைகள் இரண்டாவது தடவை தோசை சாப்பிட்டு, கிளம்பும்போது பதினொன்றே கால். நான் எடுத்து வைத்த இருபது லிட்டர் தண்ணீர்க் கேனை, இடத்தை அடைக்கிறது என்று கேமரா பைக்காகத் திண்ணையில் இறக்கி வைத்திருந்தார்கள். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

காயாமொழி ரோட்டில் போய்க்கொண்டிருந்தவர், போனில் இருந்த மேப் குறுக்கே ஒரு கோடு காட்டுகிறது என்று திருப்பினார். அது வண்டித்தடம். பனை வேலைக்குப் போகிறவர்கள் பைக்கைத் தள்ளிக்கொண்டு போகிற தடம். "இது ரோடு இல்ல அண்ணே." "மேப்ல இருக்கே." தேரியில் தடம் நிலையாக நிற்காது. காற்றடி காலத்தில் மணல் மேட்டையே நகர்த்திவிடும். கோடு போட்டவன் எந்த வருஷத்துத் தடத்தைப் பார்த்துப் போட்டானோ.

கொஞ்ச தூரத்தில் முன் சக்கரம் புதைந்தது. இங்கேதான் அந்தப் பெரிய தப்பு. மணலில் சக்கரம் புதைந்தால் முதல் வேலை ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பது. அவர் அழுத்தினார். இன்னும் அழுத்தினார். சக்கரம் சுழன்று தனக்குத்தானே குழி தோண்டிக்கொண்டு இறங்கியது, வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்தது. பாரத்தைக் குறைக்க எல்லோரும் இறங்குங்கள் என்றார். நேரம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. நாத்தனாரின் சின்னப் பெண் காலில் ரப்பர் செருப்பு. அது முதல் எட்டிலேயே மணலில் சிக்கிக் கழன்றது. சூடு தாங்காமல் பிள்ளை நிழலைத் தேடி ஓட ஆரம்பித்தது. கூப்பிடக் கூப்பிட நிற்கவில்லை. அதற்குக் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு பனை. மே மாதம் நம் பக்கம் உச்சி வேளையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேரே நிற்கும். பனையின் நிழல் அதன் காலடியிலேயே ஒரு தட்டு அளவுக்குத்தான் விழும். அங்கே போய் நின்று, நிற்க முடியாமல் கத்தியது.

நான் ஷூ போட்டிருந்தேன். இதற்கும் காலையில் ஒரு சிரிப்பு கிடைத்திருந்தது: "பீச்சுக்கு வந்துட்டு சாக்ஸா?" ஓடிப்போய்த் தூக்கியது நான்தான். பெற்ற தகப்பன் அப்போதும் ஸ்டியரிங் முன்னால்தான் இருந்தார்.

சத்தம் கேட்டு விடிலியிலிருந்து ஒரு பனையேறி வந்தார். விடிலி என்றால் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் ஓலைக் குடிசை. "பிள்ளையக் கீழ விட்ராதீயம்மா, நேரா விடிலிக்குக் கொண்டு போங்க" என்றார். அவர் வீட்டம்மாள் அடுப்பை விட்டு எழுந்து வந்து, குடத்துத் தண்ணீரைப் பிள்ளையின் கால்களில் மெள்ள மெள்ள ஊற்றிக்கொண்டே இருந்தார். குடிக்க எடுத்து வைத்திருந்த தண்ணீர் அது. எங்களிடம் இருந்ததோ இரண்டு பாட்டில்.

வெளியே பனையேறி வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டயர்ல பாதிக் காத்த எறக்குங்க அண்ணாச்சி" என்றார். "புது டயர், கெட்டுடும்" என்றார் அண்ணன். டயர் கெடாது. காற்றுக் குறைந்தால் டயர் அகலமாக மணலில் படியும், பாரம் பரவும், புதையாது. தார் ரோட்டுக்கு வந்ததும் மெதுவாக ஓட்டிப்போய்க் காற்றுப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் காற்றை இறக்கினார்கள். சக்கரத்துக்குப் பின்னால் மணலை வாரி எடுத்து, பனை மட்டைகளை அடுக்கி, வந்த தடத்திலேயே பின்பக்கமாகத் தள்ளி எடுத்தார்கள். பனையேறி காசு வாங்க மாட்டேன் என்றார். நான்தான் வீட்டம்மாளிடம் பதநீருக்கும் ஒரு கொட்டான் கருப்பட்டிக்கும் என்று சொல்லிக் கையில் திணித்தேன்.

இனி முதலுதவி. இதைக் கவனமாகப் படியுங்கள். சுட்ட இடத்தில் சாதாரணத் தண்ணீர், இருபது நிமிஷமாவது. ஐஸ் வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். பேனா மை, தோசை மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம். நான் தண்ணீர் கேட்டு வெளியே போன நேரத்தில் என் நாத்தனார் கைப்பையிலிருந்து பற்பசையை எடுத்துப் பிள்ளையின் ஒரு பாதத்தில் அப்பிவிட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா முதல் வேலையாக அதைக் கழுவி எடுக்க வேண்டியிருந்தது. அந்த வலியில் பிள்ளை அழுத அழுகை மணலில் அழுததைவிடப் பெரிது. தலைசுற்றல், வாந்தி, தோல் கொதிப்பு இருந்தால் இன்னும் அவசரம்: நிழலில் படுக்க வைத்து, உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே வண்டி பிடியுங்கள். பேச்சுக் குழறுகிற ஆளுக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும்.

பிள்ளை நடக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அன்று ராத்திரியே நாத்தனார் போனில் என் மாமியாரிடம், "இவங்க ஊரு மணல்ல பிள்ளைக்குக் கால் வெந்துபோச்சும்மா" என்றாள். எங்கள் ஊர் மணலாம். காரை அதில் கொண்டுபோய் இறக்கியது எங்கள் ஊர்க்காரரா?

தேரிக்குப் பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் கட்டு வைத்த ஷூவும் சாக்ஸும்தான். செருப்பு, கிராக்ஸ் எதுவும் உதவாது, மேல்வழியாக மணல் உள்ளே இறங்கிவிடும். வண்டி தார் ரோட்டு ஓரத்திலேயே நிற்கட்டும். நடந்து ஏறுங்கள். மேடுகள் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும், ஆகவே திரும்ப வேண்டிய திசைக்கு ஒரு கோயில் கோபுரத்தையோ செல்போன் டவரையோ மனசில் வைத்துக்கொள்ளுங்கள். வைகாசி கடைசியில் மேற்கேயிருந்து காற்று பிடித்துவிட்டால் போகவே வேண்டாம், மணல் கண்ணில் ஊசியாக இறங்கும்.

இரண்டாவது சண்டை கடலில். அதே விடுமுறையில் ஒரு நாள் கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் சொல்லும், டிவியில் கீழே ஓடும், மீனவர் வீடுகளுக்குப் போனில் வந்துவிடும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. இந்துமாக்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயலில் எழும்பிய அலை ஆயிரக்கணக்கான மைல் பயணம் செய்து கரைக்கு வரும். சித்திரை, வைகாசியில் குமரியிலும் நெல்லை, தூத்துக்குடிக் கரைகளிலும் இது வருவது வழக்கம். அமைதியாகக் கிடக்கிற கடல் திடீரென்று நாலு அலையை மடியில் ஏற்றிவிட்டு, திரும்பும்போது நிற்கிறவரையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும். 2024 மே 6 அன்று கணபதிபுரத்தில் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் ஐந்து பேர் போனது இப்படித்தான். முன்னாலேயே எச்சரிக்கை வந்திருந்தது.

"கடல் சும்மாதானே இருக்கு" என்றார் அண்ணன், கால் வெந்த பிள்ளையின் தகப்பன். நான் பேசவில்லை. என் தம்பியை அனுப்பிக் கார் சாவியை வாங்கி அம்மாவின் அரிசிப் பானைக்குள் போட்டேன். அன்று யாரும் கடலுக்குப் போகவில்லை. மரியாதைக் குறைவு என்றார்கள். இருக்கட்டும். அன்று சாயங்காலம் கரையில் வலை காய்ந்த இடம் வரைக்கும் தண்ணீர் ஏறியதாகத் தம்பி வந்து சொன்னான். கேட்டதும் அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

எச்சரிக்கை இல்லாத நாளிலும் இறங்குவதற்கு முன் கரையில் இருக்கும் வள்ளக்காரரிடம் "இன்னைக்கு நீவாடு எப்படி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடலின் நீரோட்டத்துக்கு அவர்கள் பேச்சு அது. அவர் உதட்டைப் பிதுக்கினால் கால் நனைப்பதோடு சரி. இன்னொன்று: வரிசையாக அலை உடையும் கரையில் நடுவே ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் கலங்கித் தட்டையாகத் தெரிந்தால் நம் ஆட்கள் "இங்கே அலை கம்மி" என்று அங்கேதான் பிள்ளையை இறக்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்பும் வழி அது. அதில் மாட்டினால் கரையை நோக்கி நீந்திச் சோர்ந்துபோகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். கரையில் சொறிமீன் ஒதுங்கிக் கிடந்தால் தண்ணீருக்குள்ளும் இருக்கும், அன்றைக்கும் வேண்டாம்.

சாப்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள். மீன் கிடைக்காது என்று சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் கோழி கொண்டு வந்தார்கள். நாட்டு வள்ளங்கள் போய்க்கொண்டுதான் இருக்கும். விலை கூடுதல், ஆனால் அன்றன்றைக்குப் பிடித்த மீன். மணப்பாட்டுக் கரையில் சாளையோ ஊளியோ பாறையோ எது ஏறுகிறதோ அதை வாங்குங்கள், இந்த மீன்தான் வேண்டும் என்று நிற்காதீர்கள். பதநீரைக் காலையில், பனையடியிலேயே, ஓலைப் பட்டையில் நுங்கைப் போட்டுக் குடிக்க வேண்டும். பகலில் ரோட்டோரத்தில் கேன் வைத்து விற்பதை வாங்கிக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர் யார் என்று சொல்லப் போவதில்லை.

இந்த மே மாதமும் வருகிறார்களாம். நாத்தனார் போன் பண்ணினாள், சின்னவளுக்கு ஷூ என்ன அளவு வாங்கட்டும் என்று கேட்டாள். சொன்னேன். கூடவே, மணப்பாட்டுக்கும் தேரிக்கும் வண்டியை என் தம்பிதான் ஓட்டுவான் என்பதையும் சொல்லிவிட்டேன்.