கப்பலின் சுற்றுலாவா, சொந்தமாகச் சுற்றுவதா? துறைமுக நாளைத் திட்டமிட ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் மூன்று, நான்கு இரவுக் கப்பல் பயணங்களில் பல, பினாங்கு, கிள்ளான் துறைமுகம், புக்கெட் ஆகியவற்றில் ஒன்றிரண்டைத் தொட்டுவிட்டுத் திரும்புகின்றன. சீட்டு வாங்கிய கையோடு, கரையில் சுற்றிக்காட்டும் பேருந்துச் சுற்றுலாக்களை விற்கும் பட்டியல் கப்பல் நிறுவனத்திடமிருந்து வரும். போய் வந்த உறவினர்களோ, “அதெல்லாம் தண்டச் செலவு, இறங்கி செயலியில ஒரு கிராப் டாக்சி பிடிச்சா முடிஞ்சது” என்பார்கள். பினாங்குக்கு உறவினர் சொல்வது சரி. கிள்ளானுக்கு அதே பேச்சைக் கேட்டால் கப்பலையே தவறவிடலாம். ஆகவே மொத்தப் பயணத்துக்கும் ஒரே முடிவு எடுக்காமல் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியாக முடிவெடுங்கள்.

முதல் வேலை: கப்பல் எங்கே நிற்கிறது?

பயணத் திட்டத்தில் ‘கோலாலம்பூர்’ என்று போட்டிருக்கும். கப்பல் நிற்பது கிள்ளான் துறைமுகத்தைச் சேர்ந்த புலாவ் இண்டா தீவில். அங்கிருந்து கோலாலம்பூர் நகர மையம் 60 கிலோமீட்டருக்கும் மேல். நெரிசல் இருந்தால் ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரம் ஆகும். கிள்ளான் துறைமுக ஊரில் ரயில் நிலையம் உண்டு என்று இணையத்தில் பார்த்து நம்பிவிடாதீர்கள். அது கப்பல் முனையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இல்லை. அதற்கும் வண்டி பிடிக்க வேண்டும்.

பினாங்கில் நிலைமை நேர்மாறு. ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கி வெளியே வந்தால் ஜார்ஜ் டவுனுக்குள் நிற்கிறீர்கள். விக்டோரியா மகாராணியின் 60 ஆண்டு ஆட்சியைக் குறிக்க 60 அடி உயரத்தில் எழுப்பிய மணிக்கூண்டு பக்கத்திலேயே இருக்கிறது. அதையொட்டிக் கார்ன்வாலிஸ் கோட்டை.

புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பலவும் கரைக்கு வருவதில்லை. படோங் விரிகுடாவில் நங்கூரம் போட்டுவிட்டுச் சிறு படகுகளில் பயணிகளை இறக்குகின்றன. டெண்டர் என்று கப்பலில் சொல்வது இந்தப் படகுகளைத்தான். அதற்கு வரிசை எண் கொடுப்பார்கள். கப்பலின் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்களை வழக்கமாக முதலில் இறக்குவார்கள், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். உங்கள் கப்பல் எந்த முனையத்தில் நிற்கும், படகு உண்டா என்பதை முன்பதிவின்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாதி முடிவு இங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து, நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

கப்பல் புறப்படும் நேரத்தைக் கணக்கில் வைக்காதீர்கள். எல்லோரும் ஏறிவிட வேண்டிய நேரம் என்று ஒன்றைத் தனியாக அறிவிப்பார்கள். பெரும்பாலும் அது அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாக இருக்கும். அதிலிருந்து இன்னும் ஒரு மணி நேரத்தைக் கழித்து, அந்த நேரத்துக்குத் துறைமுக வாசலில் இருப்பதாகத் திட்டமிடுங்கள்.

காலை 8 மணிக்குக் கிள்ளானுக்கு வந்து மாலை 5 மணிக்குப் புறப்படும் கப்பல் என்று வைத்துக்கொள்வோம். குடிநுழைவு முடிந்து வெளியே வர 9 ஆகும். நகரம் சேர 10.30. மாலை 4.30-க்குள் ஏற வேண்டுமானால் 3.30-க்கு வாசல், அதற்கு 2 மணிக்கே நகரத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். கையில் மிஞ்சுவது மூன்றரை மணி நேரம். பத்துமலைக்குப் போய் 272 படி ஏறி இறங்கி, 42.7 மீட்டர் முருகன் சிலைக்கு முன் படம் எடுத்துச் சாப்பிட்டால் அது தீர்ந்துவிடும். இரட்டைக் கோபுரத்தை வண்டியிலிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மழையோ விபத்தோ சாலையை அடைத்தால் அதுவும் இல்லை.

கப்பலின் சுற்றுலாவுக்குக் கட்டும் பணத்தின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. அவர்களுடைய பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாமல் போனாலும் அடுத்த துறைமுகத்துக்கு உங்களைச் சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. தனியாகப் போனவருக்காகக் கப்பல் நிற்காது, விமானச் செலவும் தங்கும் செலவும் அவருடையதுதான். ஒரு வழிப் பயணமே ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் கப்பலின் சுற்றுலா என்பது என் தீர்மானம்.

கடிகார விஷயம்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம். தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். புக்கெட்டில் இறங்கியதும் உங்கள் கைபேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும், கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கலாம். அப்போது கைபேசியில் 4 மணி என்றால் கப்பலில் 5 மணி. இறங்கும் முன் வாசலில் நிற்கும் ஊழியரிடம் “கப்பல் நேரம் எது?” என்று கேளுங்கள். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். கைபேசியின் தானியங்கி நேர மாற்றத்தை அணைத்துவிடுவதும் உதவும்.

பிறகு பணம்

கப்பலின் சுற்றுலாவுக்கு ஆள் கணக்கில் விலை. டாக்சிக்கும் கிராப்புக்கும் வண்டிக் கணக்கில் விலை. தனியாகப் போகிறவருக்கு வித்தியாசம் அதிகம் தெரியாது. நால்வர் குடும்பத்துக்கு நன்றாகவே தெரியும். மதியச் சாப்பாடு விலையில் அடங்குமா, சைவம் கிடைக்குமா என்று பாருங்கள். கடல் சீற்றத்தால் கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டால் அவர்களுடைய சுற்றுலாப் பணம் திரும்பி வரும். வெளியே பதிவு செய்ததற்குத் திரும்பி வருமா என்பதை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பினாங்கில் உங்கள் காலே வண்டி

பினாங்கில் பேருந்துச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டாதீர்கள். 2008-இல் யுனெஸ்கோ உலக மரபு நகரமாக அறிவித்த ஜார்ஜ் டவுன் நடப்பதற்கென்றே அமைந்த ஊர். துறையிலிருந்து பத்து, பதினைந்து நிமிட நடையில் குவீன் தெரு மகா மாரியம்மன் கோவில். 1833-இல் எழுந்தது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோவில். சுற்றியிருக்கும் லிட்டில் இந்தியாவில் தமிழிலேயே வழி கேட்கலாம், வாழையிலைச் சாப்பாடும் கிடைக்கும். அங்கிருந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், கூ கொங்சி எனும் சீனக் குலமனை, சுவரோவியங்களுக்குப் பேர்போன ஆர்மேனியன் தெரு என்று மெல்ல நடக்கலாம். எல்லாம் அடுத்தடுத்த தெருக்கள்தான், எந்த இடத்தில் களைத்தாலும் கப்பல் பக்கத்தில் இருக்கும்.

தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோவிலுக்குப் போக ஆசைப்பட்டால் கிராப்பில் போய் வரலாம், ஆனால் 500-க்கும் மேற்பட்ட படிகள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம். பினாங்கு மலை ரயிலுக்கு வரிசை எவ்வளவு நீளும் என்று சொல்ல முடியாது. நேரம் தாராளமாக இருந்தால் மட்டும் போங்கள், அதுவும் காலையிலேயே.

இறங்குவதற்கு முன்

கப்பலில் கொடுக்கும் அன்றாட நிகழ்ச்சி நிரலில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். அதைப் படம் எடுத்து வையுங்கள். தாமதமானால் முதலில் அழைக்க வேண்டியவர் அவர்தான். கடவுச்சீட்டை எடுத்துப்போக வேண்டுமா, நகல் போதுமா என்பது துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும், அறிவிப்பைக் கவனியுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் தங்கள் சிங்கப்பூர் விசா மறுபடி நுழைய அனுமதிக்கிறதா என்பதை ஊரிலேயே உறுதி செய்துவிட வேண்டும். கப்பல் சிங்கப்பூரை விட்டு வெளியே போய்த் திரும்பி வருகிறது, மறவாதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவர் பையிலும் கப்பலின் பெயர், முனையத்தின் பெயர், உங்கள் எண் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும். கூட்டத்தில் பிரிந்துபோனால் அது போதும், அவர்கள் பதற வேண்டியிருக்காது.

கடைசியாக, புக்கெட்டைப் பொறுத்தவரை, படோங் கடற்கரையோடு நிறுத்திக்கொள்வதானால் தனியாகவே போங்கள். ஃபீ ஃபீ தீவுகளுக்கு விசைப்படகில் போவதானால் கப்பலின் சுற்றுலாவில் போங்கள். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கடல் கொந்தளிக்கும். சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த மாதங்களில் தீவுப் பயணத்தையே விட்டுவிடுங்கள்.